கொல்லும் கிருமி மருந்து சுமக்கிறது

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் குடும்பங்களுக்கு வைரஸ் என்னும் சொல்லை எவரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. 1990களின் நடுப்பகுதியில் கிழக்குக் கடற்கரையோர இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்து, பத்தே நாள்களில் குளம் முழுவதையும் அழித்துச் சென்றபோது, அக்கிருமியின் பெயர் பண்ணைக்காரர் முதல் ஐஸ் உடைக்கும் தொழிலாளி வரை எல்லார் வாயிலும் வழங்கியது. 2020ஆம் ஆண்டில் கொரோனாக் கிருமி வந்து ஆலயக் கதவுகளையும் மீன் அங்காடிகளையும் ஒருங்கே அடைத்தது. இத்தகைய அனுபவம் உடையவர்களிடம் சென்று, வைரசைக் கொண்டே பிறவி நோயைக் குணப்படுத்துகிறார்கள் என்று சொன்னால், சொல்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அது இயல்பே.

ஆனால் செய்தி உண்மையானது. அதுவும் நம் மாநிலத்திலேயே நிகழ்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஹீமோபிலியா ஏ என்னும் குருதி உறையா நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஐந்து ஆடவருக்கு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்கள் 22 வயது முதல் 41 வயது வரையுள்ளவர்கள். டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழுவினர் இதன் முடிவுகளை, 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' என்னும் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஐவரையும் கண்காணித்த காலத்தை ஒன்றாகக் கூட்டினால் 81 மாதங்கள் ஆகின்றன. அந்த 81 மாதங்களில் அவர்களுள் ஒருவருக்கேனும் ஒருமுறையேனும் குருதிக் கசிவு ஏற்படவில்லை.

இத்தகைய செய்தியைப் படிப்போர் கண்ணில் சிகிச்சை படுகிறது, மருத்துவர் படுகிறார். சிகிச்சைக்கு வேண்டிய கிருமியை யார், எங்கே, எவ்வாறு தயாரிக்கின்றனர் என்பது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மருந்தின் விலையும் சரி, அதனைச் சூழ்ந்துள்ள மனச்சான்றின் கேள்வியும் சரி, அந்தத் தயாரிப்புக் கூடத்தினுள்தான் அடங்கியிருக்கின்றன. ஆகவே அதைப் பற்றியே இங்குச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

தாயின்மேல் பழி வேண்டாம்

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நமக்குக் காயம் பட்டால் சிறிது நேரத்தில் குருதி உறைந்து அடைத்துக்கொள்கிறது. இதற்குப் பல புரதப் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. அவற்றுள் எட்டாவதை மருத்துவமனையில் 'பேக்டர் எட்டு' என்பர். அதனை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டிருந்தால் வருவதே ஹீமோபிலியா ஏ. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் பிறக்கின்றனர்.

மீன் முள் குத்தினாலோ நண்டு கடித்தாலோ இப்பிள்ளைகளுக்குக் குருதி நிற்காது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. எனினும் வெளியே தெரியும் குருதியைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கசியும் குருதியே கொடியது. படகிலிருந்து கரையில் குதிக்கிறான். வலைக்கயிற்றைப் பிடித்து இழுக்கிறான். மறுநாள் முழங்கால் வீங்கிச் சிவந்து நிற்கிறது. சில வேளைகளில் எந்தக் காரணமும் இன்றியே வீங்குகிறது. மீண்டும் மீண்டும் ஒரே மூட்டில் கசிந்த குருதி அங்குள்ள குருத்தெலும்பை அரித்துவிடுகிறது. தக்க சிகிச்சை இல்லாத பிள்ளை, பிறர் கடலுக்குப் போகத் தொடங்கும் வயதில் ஊன்றுகோலைத் தேடுகிறான். தலையினுள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்நோய் தாய்வழி வருவது. எக்ஸ் என்னும் இனக்கீற்றில் பழுது உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு உண்டு; ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றது பெரும்பாலும் காத்துக்கொள்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதில் பழுது என்றால் தப்ப வழியில்லை. இதைக் கேட்டவுடன் நம் வீடுகளில் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை: மருமகள் குற்றவாளியாகிறாள். இது பெரும் அநீதி. தன் உடலில் இருப்பது எந்தத் தாய்க்கும் தெரிந்து வருவதன்று. மேலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றமே காரணம். உறவில் மணம் முடித்ததால் வந்த வினை என்று பேசுவோரும் உண்டு. பிற பரம்பரை நோய்கள் சிலவற்றுக்கு அப்பேச்சு பொருந்தலாம்; மகனுக்கு வரும் ஹீமோபிலியாவுக்குப் பொருந்தாது. விக்டோரியா மகாராணியின் வழியில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகன் வரை சென்றதும் ஹீமோபிலியாவின் மற்றொரு வகையே. குடிசையையும் அரண்மனையையும் பார்த்து வருவதில்லை.

இன்று இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. குறைபடும் பேக்டர் எட்டை ஊசி வழி செலுத்துகின்றனர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. பல ஏழைக் குடும்பங்களை இது தாங்கி நிற்கிறது. ஆனால் செலுத்திய பொருளில் பாதி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடலிலிருந்து மறைந்துவிடுகிறது. கசிவு வராமலேயே காக்க வேண்டுமானால் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை வாழ்நாள் முழுவதும் ஊசி போட வேண்டும். மூட்டில் கசிவு தொடங்கினால் இயன்றவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருந்து சேர வேண்டும் என்பர் மருத்துவர். ஏரிக்கு நடுவேயுள்ள குப்பத்திலிருந்து படகேறிக் கரை வந்து, பொன்னேரிக்குப் பேருந்து பிடித்து, அங்கிருந்து சென்னை செல்லும் தாய்க்கு அந்த இரண்டு மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடும். பேக்டர் எட்டுக்குப் பதிலாகத் தோலடியில் போடும் எமிசிசுமாப் என்னும் மருந்தும் இப்போது வந்துள்ளது. அதையும் விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே முறையில் உடலே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளுமாறு செய்ய முடியாதா? மரபணுச் சிகிச்சை எழுந்தது இந்த ஏக்கத்திலிருந்துதான்.

கிருமி ஓடமாகிறது

பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிவிடலாம். அதனை உயிரணுவினுள் கொண்டு சேர்ப்பதே கடினம். ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து மணல்மேடு எழுந்துவிட்டால், கடலில் எவ்வளவு இறால் குஞ்சு இருந்தும் ஏரிக்குள் வாராது என்பதை நம் மீனவர் நன்கறிவர். உயிரணுவின் உறையும் அவ்வாறே அயற்பொருளைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த மணல்மேட்டைத் தாண்டும் வழி தெரிந்தது வைரஸ் ஒன்றே. உயிரணுவினுள் புகுந்து, தன் மரபணுவை அங்கே இறக்கி, தன்னைப்போல் பல்லாயிரம் செய்விப்பதே அதன் பிழைப்பு. அந்த ஓடத்திலுள்ள தீய சரக்கை இறக்கிவிட்டு, நல்ல சரக்கை ஏற்றி அனுப்பினால் என்ன? இவ்வாறு மருந்து சுமக்குமாறு மாற்றப்பட்ட வைரசையே விஞ்ஞானிகள் வெக்டர் என்கின்றனர். சுமந்து செல்வது என்பது அதன் பொருள்.

வேலூரில் பயன்பட்டது லென்டிவைரஸ் இனத்து வெக்டர். இவ்வகை வெக்டர்களின் மூலம் எது என்று கேட்டால் வாசகர் திடுக்கிடலாம். 1983இல் பாரிஸ் நகரில் கண்டறியப்பட்ட எய்ட்ஸ் கிருமியேதான். அதன் நோய் செய்யும் மரபணுக்கள் நீக்கப்படுகின்றன. எஞ்சியவையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன; ஆதலால் அது உயிரணுவினுள் ஒருமுறை நுழையலாம், அதன்பின் பெருக இயலாது. மேலுறைகூட அதனுடையதன்று, கால்நடைகளைத் தாக்கும் வேறொரு வைரசின் உறையைப் போர்த்திவிடுகின்றனர். பல்லும் நஞ்சும் பிடுங்கி, தோலையும் மாற்றிய பாம்பு என்று கொள்ளலாம்.

நோயாளியின் குருதியிலிருந்து ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் இவ்வெக்டருடன் சேர்த்தனர். பின்னர், கடும் மருந்துகளால் அவருடைய எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழித்து, அவருடைய அணுக்களையே அவருக்குத் திரும்பச் செலுத்தினர். அவை மஜ்ஜையில் வேரூன்றிப் பெருகி, பேக்டர் எட்டைச் சுரக்கத் தொடங்கின. ஏற்றிய மரபணு, நன்கு சுரக்கும் பொருட்டு மனித மரபணுவோடு பன்றியின் மரபணுப் பகுதியையும் இணைத்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக அறிஞர்கள் உருவாக்கியது. முதல் இருவருக்கு அளவு குறைவாகவே சுரந்தது. வெக்டர் உள்ளே புகுவதற்குத் துணைப்பொருள் ஒன்றைச் சேர்த்தபின், அடுத்த மூவருக்கு ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காடு வரை சுரந்தது. இயல்பான மனிதருக்கு 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். கடும் நோயாளிக்கோ ஒரு விழுக்காடும் இராது. அதனோடு ஒப்பிட்டால் இது பெரும் செல்வம்.

மஜ்ஜையில் இடம் ஒழிக்கும் மருந்துகள் எளியவை அல்ல. சில வாரங்கள் வெள்ளணுக்கள் குறைந்து, தொற்றுக்கு அஞ்சியே இருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கும் குறை வரக்கூடும். 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து பழகிய மருத்துவமனை என்பதாலேயே வேலூரில் இதற்குத் துணிய முடிந்தது.

ஆய்வு மாணவரின் நாள்கள்

இனித் தயாரிப்புக் கூடத்திற்குச் செல்வோம். இத்துறையில் முனைவர் பட்டத்திற்கு உழைக்கும் இளைஞர் பலர் நம் நாட்டில் உள்ளனர். நம் பங்குகளிலிருந்து உயிரியல் படிக்கச் செல்லும் பிள்ளைகளும் நாளை அங்குப் போகக்கூடும். அங்கு அவர்கள் செய்வது என்ன?

மனித உயிரணுக்களைத் தட்டுகளில் வளர்ப்பதே முதல் வேலை. 37 டிகிரி வெப்பத்தில், உரிய காற்றில், உணவுநீர் மாற்றி மாற்றி வளர்க்க வேண்டும். உயிரணுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, தீபாவளியும் தெரியாது. போதிய அளவு வளர்ந்தபின், பிரித்து வைத்த வைரஸ் துண்டுகளையும் நல்ல மரபணுவையும் பிளாஸ்மிட் என்னும் வளைய வடிவ டி.என்.ஏ.க்களாக அவற்றினுள் புகுத்துகின்றனர். இரண்டு மூன்று நாள்களில் அவ்வுயிரணுக்கள் வெக்டர்களைச் செய்து நீரில் விடுகின்றன. அந்நீரைச் சேகரித்து, வடிகட்டி, அயற்பொருள் நீக்கி, சுண்டச்செய்து, சுழிக்குக் கீழ் 80 டிகிரி குளிரில் உறைய வைக்கின்றனர்.

சொல்வதற்கு எளிது. ஒரு வெக்டரின் பருமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேலுறையோ மெல்லியது. சற்று வெப்பம் ஏறினாலும், ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தாலும், வடிகட்டியில் அழுத்தம் மிகுந்தாலும் சிதைந்துவிடும். விடியலில் பிடித்த இறால் ஐஸ் இல்லாமல் நண்பகலில் என்ன விலை போகும் என்பதை அறிந்தவர்க்கு இத்துயரை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு இழப்பு. எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை நிறைய இருக்கும். அவற்றுள் உயிரணுவினுள் புக வல்லவை சிலவாக இருக்கும். ஓர் ஆளின் சிகிச்சைக்குப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட குருத்தணுக்கள் வேண்டும். அவ்வணு ஒவ்வொன்றுக்கும் பல வெக்டர்கள் வேண்டும். எந்த வெப்பத்தில், எந்த உப்பு நீரில், எத்தனை மணி நேரத்தில் எடுத்தால் இழப்புக் குறையும் என்னும் ஒரு கேள்வியிலேயே ஒரு மாணவரின் நான்கைந்து ஆண்டுகள் கரைந்துவிடும். செய்தித்தாளில் படம் வராத உழைப்பு இது.

தயாரித்தபின் சோதனைகள். வேறு கிருமி கலந்துள்ளதா, நச்சுப்பொருள் உண்டா, எல்லாவற்றுக்கும் மேலாக, பிரித்து வைத்த துண்டுகள் தப்பித் தவறி ஒன்றுகூடிப் பெருகும் வைரசாக மாறிவிட்டனவா என்று ஆராய்கின்றனர். இத்தனை எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 1990 செப்டம்பரில் அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுமிக்கு மரபணுச் சிகிச்சை தொடங்கியபோது உலகம் மகிழ்ந்தது. 1999 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் ஜெசி ஜெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர், செலுத்திய வைரசை உடல் எதிர்த்த வேகத்தில் உயிரிழந்தார். 2002இல் பாரிசில், நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்து இச்சிகிச்சையால் பிழைத்த குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. வெக்டர் தன் சரக்கைப் புற்றைத் தூண்டும் மரபணுவுக்கு அருகே இறக்கிவிட்டதே காரணம். இன்றைய வெக்டர்கள் அப்பாடங்களைக் கற்று அமைக்கப்பட்டவை. எனினும், சிகிச்சை பெற்றவரைப் பதினைந்து ஆண்டுகள் வரை கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறுகிறது. வேலூரின் ஐவர் விஷயத்திலும் சில மாதங்களின், சில ஆண்டுகளின் சான்றே இதுவரை வந்துள்ளது.

விலைக்கு வருவோம். ஹீமோபிலியா ஏ நோய்க்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ராக்டேவியன் என்னும் மரபணு மருந்தின் விலை 29 லட்சம் டாலர். அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ 24 கோடி ரூபாய். ஒரு குப்பத்திலுள்ள படகுகளையும் வலைகளையும் எல்லாம் விற்றாலும் எட்டாத தொகை. இவ்விலைக்கு வணிக நோக்கமும் காரணம். தயாரிப்பின் அருமையும் காரணம். வெக்டரை அயல்நாட்டிலிருந்து வாங்கும்வரை நம்மவர்க்கு இது கானல்நீரே.

இதை மாற்ற இயலும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் புர்வாரின் ஆய்வுக்கூடத்தில், அல்கா துவிவேதி என்னும் முனைவர் பட்ட மாணவியும் அவருடைய தோழர்களும், நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை லென்டிவைரஸ் வெக்டர் கொண்டு மாற்றி இரத்தப் புற்றை எதிர்க்கச் செய்யும் முறையை உருவாக்கினர். டாடா நினைவு மருத்துவமனை சோதனைகளை நடத்தியது. 2023 அக்டோபரில் அரசின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெக்டரையும் இங்கேயே செய்ததால், மேல்நாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு அதைத் தர முடிந்தது. பத்தில் ஒரு பங்கென்றாலும் பல லட்சம்தான். ஏழைக்கு இன்னும் தொலைவுதான். ஆயினும் கதவு திறந்திருக்கிறது. வேலூர் வெக்டரையும் இந்தியாவிலேயே தயாரித்து அடுத்தகட்டச் சோதனைகளுக்குச் செல்வதே நோக்கம் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது.

மனச்சான்றின் கேள்வி

கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இச்சிகிச்சையை ஏற்கலாமா? இதற்குத் திருச்சபை தெளிவாக விடை கூறியுள்ளது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் வெளியிட்ட 'டிக்னிடாஸ் பெர்சோனே' என்னும் ஏடு, நோயாளியின் உடலணுக்களை மட்டும் சீராக்கும் மரபணுச் சிகிச்சை கொள்கையளவில் ஏற்புடையதே என்கிறது. மிகையான ஆபத்து இருத்தலாகாது. நோயாளி அறிந்து இசைய வேண்டும். பிறக்கவிருக்கும் தலைமுறைகளுக்கும் மாற்றம் செல்லுமாறு இன அணுக்களைத் திருத்துவதை இன்றைய நிலையில் அது ஏற்கவில்லை. நோய் தீர்க்க அன்றி, உயரமும் அறிவும் கூட்டுவதற்காக மரபணுவைத் திருத்துவதையும் ஏற்கவில்லை. வேலூரில் நிகழ்ந்தது முதல் வகை.

ஆனால் கேள்வி அத்துடன் முடியவில்லை. வெக்டர்களைச் செய்ய மனித உயிரணுக்களை வளர்க்கின்றனர் என்றோமே, அவை யாருடையவை? உலகின் லென்டிவைரஸ் வெக்டர்கள் பெரும்பாலும் 'ஹெக் 293' என்னும் அணுவழியில் செய்யப்படுகின்றன. பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டி வாணிகம் செய்த டச்சுக்காரரின் நாட்டில், லெய்டன் நகர ஆய்வுக்கூடத்தில், 1973ஆம் ஆண்டளவில், ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்தவை அவை. அக்கரு கருக்கலைப்பினால் இறந்ததென்றே பலரும் கொள்கின்றனர். தானாகக் கலைந்ததாக இருக்கலாம் என்போரும் உளர். முழுமையான பதிவு எஞ்சவில்லை. இன்றுள்ளவை அந்த ஓர் அணுவழியின் வழித்தோன்றல்களே. புதிதாக எந்தக் கருவும் இதற்காக அழிக்கப்படுவதில்லை.

நோயாளியின் கடமையும் ஆய்வாளரின் கடமையும் ஒன்றல்ல என்பதை மேற்சொன்ன ஏடே வேறுபடுத்திக் காட்டுகிறது. கடும் காரணம் உள்ளபோது, வேறு வழி கிடைக்காதபோது, பிள்ளையின் உடல்நலத்துக்காகப் பெற்றோர் அத்தகைய மருந்தை ஏற்கலாம். அதோடு, வேறு வழியில் செய்த மருந்து வேண்டும் என்று கேட்கவும் வேண்டும். 2020 டிசம்பரில் கொரோனாத் தடுப்பூசி குறித்தும் பேராயம் இதே வழியில் விளக்கம் அளித்தது. ஆனால், தீய வழியில் பெற்ற உயிர்ப்பொருளைத் தம் ஆய்வில் பயன்படுத்த மறுப்பது ஆய்வாளரின் கடமை என்று அவ்வேடு கண்டிப்பாகச் சொல்கிறது. ஆகவே, வேலூருக்குச் செல்லும் தாயைவிட, அத்துறையில் பட்டம் பெற விரும்பும் நம் வீட்டுப் பிள்ளைக்கே இக்கேள்வி பாரமானது. அவரை வீட்டிலே குற்றம் சாட்டுவதும் தவறு. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிப்பதும் தவறு. ஆன்ம குருவோடும் ஆய்வு வழிகாட்டியோடும் தொடக்கத்திலேயே மனம் திறந்து பேசுவது நலம்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. மேற்சொன்ன ராக்டேவியன் மருந்தின் வெக்டர் வேறு வகை வைரஸ். அது மனித அணுவில் அன்றி ஒரு புழுவின் அணுவில் செய்யப்படுகிறது. எந்தப் புழு என்கிறீர்கள்? 2018இல் நம் நாட்டில் புகுந்து மக்காச்சோளக் கொல்லைகளை மொட்டையடித்த அந்தப் படைப்புழு இனம்தான். லென்டிவைரஸ் வெக்டருக்கு இத்தகைய மாற்றைத் தேடுவது இன்னும் முடியாத வேலை. விசுவாசமுள்ள மாணவர் ஒருவர் எடுத்துக்கொள்ளத் தகுந்த ஆய்வுப் பொருள் இதுவே என்பது நம் எண்ணம்.

இறுதியாக, வீட்டில் நோயுற்ற பிள்ளை உள்ளவர்களுக்கு. வேலூர்ச் சிகிச்சை ஐவருக்கு அளித்த சோதனையே. விலைக்குக் கிடைக்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை. மரபணு மாற்றிக் குணமாக்குகிறோம் என்று முன்பணம் கேட்போர் எங்கேனும் இருப்பின் நம்ப வேண்டாம். முறையான சோதனை எதுவும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்கும்; அதன் பதிவெண்ணைக் கேளுங்கள். சோதனை மருந்துக்குக் கட்டணம் வாங்கமாட்டார்கள். இசைவுப் படிவத்தைத் தமிழில் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. தவழும் குழந்தைக்கு உடலில் நீலத் தழும்புகள் அடிக்கடி தோன்றினாலும், முழங்கால் வீங்கினாலும், அரசு மருத்துவமனையில் குருதி உறையும் சோதனை செய்து பேக்டர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். வீங்கிய மூட்டை எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். சகோதரிகளுக்கும் சித்திமாருக்கும் மணத்துக்கு முன்பே சோதனை செய்துகொள்ளலாம். பேக்டர் அட்டையைப் பள்ளிப் பையில் ஒன்றும், படகில் நனையாத உறையில் ஒன்றுமாக வைத்திருங்கள்.